நீலப் புள்ளி காட்டும் இடத்தில் நீங்கள் இல்லாதபோது

1995 ஜூன் 9-ஆம் தேதி பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குக் கிளம்பிய ‘ராயல் மெஜஸ்டி’ என்ற பயணிகள் கப்பல், மறுநாள் இரவு நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே ஒரு மணல்திட்டில் ஏறி நின்றது. போக வேண்டிய தடத்தை விட்டு 17 மைல் விலகியிருந்தது. காரணம் ஒரு கம்பி. கிளம்பி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கம்பி கழன்றுவிட்டது. கருவி அணையவில்லை. கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து திசையையும் வேகத்தையும் மட்டும் வைத்து ‘இங்கேதான் இருப்போம்’ என்று ஊகித்துக்கொண்டே போனது. திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அதைச் சொல்லவும் செய்தது. 34 மணி நேரம் யார் கண்ணிலும் அது படவில்லை. அதே கப்பலில், கரை நிலையங்களின் ரேடியோ அலையை வைத்து இடம் காட்டும் லோரான் என்ற வேறொரு கருவியும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒருமுறை ஒப்பிட்டிருந்தால் போதும்.

திரை முழுக்கக் கறுத்துவிட்டால் யாரும் ஏமாறமாட்டார்கள். வேகத்தைக் குறைப்பார்கள், கரையைப் பார்ப்பார்கள், ஆளைக் கேட்பார்கள். தப்பான இடத்தைப் பளிச்சென்று காட்டும் திரைதான் ஆளைக் கொண்டுபோய் மோதவிடுகிறது. ஜிபிஎஸ்-ஐத் தூக்கிப் போடச் சொல்லி இதை எழுதவில்லை. அதைச் சாராத இன்னொரு கணக்கு பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மலேசியாவின் பினாங்குக் கடலில் சாம்பான் படகு ஓட்டுகிறவருக்கும் கோலாலம்பூரில் லோரி ஓட்டுகிறவருக்கும் அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில், ஏன் தவறுகிறது? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. 1575.42 மெகாஹெர்ட்ஸில் அவை அனுப்பும் அலை தரைக்கு வந்து சேரும்போது சுற்றியுள்ள ரேடியோ இரைச்சலைவிட மெலிந்துபோயிருக்கும். முன்பே தெரிந்த ஒரு குறியீட்டை வைத்துத்தான் கருவி அதை இரைச்சலுக்குள்ளிருந்து பிரித்தெடுக்கிறது. குறைந்தது நான்கு கோள்கள் தெரிய வேண்டும். மூன்று இடத்துக்கு, ஒன்று கைப்பேசியின் கடிகாரப் பிழையைத் திருத்துவதற்கு. ஒளி ஒரு நானோ நொடியில் 30 செ.மீ. போகும். ஆகவே ஒரு மைக்ரோ நொடி பிசகினால் இடம் 300 மீட்டர் பிசகும். இவ்வளவு மெல்லிய நூலில் தொங்கும் ஒன்றை அறுக்கப் பெரிய ஆயுதம் தேவையில்லை. 2012-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு பிக்-அப் ஓட்டுநர், தான் எங்கே இருக்கிறோம் என்று முதலாளிக்குத் தெரியக் கூடாதென்று வண்டியில் ஒரு தடுப்புக் கருவியைச் செருகியிருந்தார். அது நியூவர்க் விமான நிலையத்தின் தரையிறக்கக் கருவியையே குழப்பியது. 2017 ஜூனில் கருங்கடலில் நோவொரோசிஸ்க் அருகே இருந்த 20 கப்பல்களாவது தாங்கள் கரைக்கு உள்ளே ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகத் திரையில் கண்டன. அங்கே சமிக்ஞை தடுக்கப்படவில்லை. அதைப்போலவே போலியாக ஒன்று அனுப்பப்பட்டிருந்தது.

கோள்களை நடத்துகிறவர்கள் பக்கமும் தவறு நேரும். 2014 ஏப்ரலில், ஜிபிஎஸ் போன்ற ரஷ்ய அமைப்பான குளோனாஸ் சுமார் 11 மணி நேரம் தவறான தரவை அனுப்பியது. 2019 ஜூலையில் ஐரோப்பாவின் கலிலியோ ஏறக்குறைய ஒரு வாரம் படுத்துவிட்டது. 2016 ஜனவரி 26 அன்று ஜிபிஎஸ் கோள்கள் சில 13 மைக்ரோ நொடி தவறான நேரத்தை ஒலிபரப்பின. அன்று சாலையில் யாருக்கும் வழி தப்பவில்லை. ஜிபிஎஸ் நேரத்தை நம்பி ஓடும் தொலைத்தொடர்புக் கருவிகள்தான் உலகெங்கும் அலறின.

நம் வட்டாரத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நமக்குச் சற்று வடக்கே ஓடுகிறது. அதை ஒட்டிய வானில், பொழுது சாய்ந்தபின், மின்னேற்றம் பெற்ற மேலடுக்கான அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பும். அவற்றின் வழியே வரும் அலை, சூடான தார்ச்சாலைக்கு மேலே தெரியும் காட்சிபோல நடுங்கும். இரவு 8 மணியிலிருந்து நள்ளிரவுவரை, அதிலும் மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில், சூரியன் உச்சச் செயல்பாட்டில் இருக்கும் ஆண்டுகளில் இது கூடுதல். 2024 அக்டோபரில்தான் சூரியன் அந்த உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக அறிவித்தார்கள். இரவு மீன்பிடிக்கப் போகிறவர்கள் இந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடிகாரமும் திசைகாட்டியும் அந்தக் குமிழிகளைக் கண்டு அசைவதில்லை.

இனி, என்ன கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. கைப்பேசியில் வரைபடம் வெள்ளையாக இருந்து, உங்கள் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி மட்டும் நகர்ந்தால், கெட்டது டேட்டா. ஜிபிஎஸ் நலமாக இருக்கிறது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வராது. வரைபடம் இருந்து, புள்ளி குதித்தாலோ அதைச் சுற்றிய வட்டம் பெரிதானாலோ, கெட்டது இடக்கணக்கு. கோள்களின் வலிமையைப் பட்டையாகக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு வையுங்கள். திறந்த வானத்தில் நல்ல கோள்கள் 35 முதல் 45 டெசிபல்-ஹெர்ட்ஸ் காட்டும். 25-க்குக் கீழே போனால் பயனில்லை. ஒரு பக்கத்துக் கோள்கள் மட்டும் காணோமென்றால் கட்டடமோ மலையோ மறைக்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் சரிந்தால் பக்கத்தில் ஏதோ இரைச்சல் போடுகிறது. வெவ்வேறு திசையில் இருக்கும் கோள்கள் எல்லாம் அச்சு வார்த்தாற்போல ஒரே வலிமையில் நின்றால் போலிச் சமிக்ஞையோ என்று சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் அவை எல்லாம் ஒரே ஆன்டெனாவிலிருந்து வருகின்றன.

அந்த இரைச்சல் பெரும்பாலும் உங்கள் வண்டிக்குள்ளேயே இருக்கும். மலிவான டேஷ்கேமும், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மலிவான சார்ஜரும் ஜிபிஎஸ் அலைவரிசையில் கசியும். சோதனை எளிது: வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, செயலியைப் பார்த்தபடி ஒவ்வொரு செருகியாகப் பிடுங்குங்கள். பட்டைகள் ஒரே மூச்சில் 5, 10 உயர்ந்தால் குற்றவாளி அதுதான். உலோகப் படலம் கலந்த கண்ணாடி டின்டும் சமிக்ஞையை மட்டுப்படுத்தும். கைப்பேசியை டேஷ்போர்டில் முன்கண்ணாடி ஓரமாக வைத்துப் பாருங்கள். அங்கே டின்ட் பெரும்பாலும் லேசாக இருக்கும்.

கோலாலம்பூரில் இன்னும் மூன்று விதமாகத் தவறும். உயர்ந்த கட்டடங்களின் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் அலை நீண்ட வழி வருவதால் புள்ளி அடுத்த தெருவில் போய் உட்காரும். மேம்பாலமும் கீழ்ச்சாலையும் ஒன்றன்மேல் ஒன்றாகவோ ஒட்டியோ ஓடும் இடத்தில் எதில் போகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. ஆற்றுக்கு மேலே ஓடும் ஆக்லே நெடுஞ்சாலையும் பக்கத்து ஜாலான் அம்பாங்கும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்றாவது, ஸ்மார்ட் சுரங்கத்தின் 4 கி.மீ. சாலை. உள்ளே வரும் புள்ளி வெறும் ஊகம். அங்கே நுழையுமுன்பே எந்த வெளிவழி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அந்த நகரத்தில் வழி தெரிந்துகொள்ளக் கோபுரங்களே போதும், அவை நிற்கும் முறை தெரிந்தால். மெர்டேக்கா 118 மேற்கிலும் எக்ஸ்சேஞ்ச் 106 கிழக்கிலும், ஏறக்குறைய ஒரே கிழக்கு-மேற்குக் கோட்டில், 2 கி.மீ. இடைவெளியில் நிற்கின்றன. இரட்டைக் கோபுரம் அந்தக் கோட்டுக்கு வடக்கே 2 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான தூரத்தில், இரண்டுக்கும் இடைப்பட்ட நெடுங்கோட்டில். 118 இடது கையிலும் 106 வலது கையிலும் விரிந்து தெரிந்தால், நீங்கள் நகரத்துக்குத் தெற்கே, சுங்கை பீசி பக்கம் இருக்கிறீர்கள். இடம் மாறி 106 இடதில், 118 வலதில் என்றால் வடக்கே, செந்தூல் பக்கம். இரண்டும் நெருங்கி, 118 முன்னால் பெரிதாக நிற்க, இரட்டைக் கோபுரம் இடப்பக்கம் தெரிந்தால் மேற்கே, பங்சார் பக்கம். 106 முன்னால், 118 அதன் முதுகில், இரட்டைக் கோபுரம் வலப்பக்கம் என்றால் கிழக்கே, அம்பாங் பக்கம். இதை ஒரு தாளில் முக்கோணமாக வரைந்து வண்டியில் ஒட்டிவைத்தால் ஒரு வாரத்தில் மனத்தில் பதிந்துவிடும்.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் அளவுக்கல்லைப் படிக்கத் தெரிந்தால் வரைபடமே தேவையில்லை. வடபகுதியான இ1 (E1) எண்ணுக்குத் தொடக்கம் வடக்கே புக்கிட் காயு ஈத்தாம். தெற்கே வர வர எண் கூடும்; ஈப்போவுக்கு வடக்கே உள்ள மெனோரா சுரங்கம் 256 அளவில் இருக்கிறது. தென்பகுதியான இ2-க்குத் (E2) தொடக்கம் ஜொகூர் பாரு, எனவே தெற்கே போகப் போக எண் குறையும். வெளிவழி எண் 1-இல் தொடங்கினால் இ1, 2-இல் தொடங்கினால் இ2. பச்சைப் பலகை டோல் நெடுஞ்சாலைக்கு, நீலப் பலகை மற்றச் சாலைகளுக்கு. மஞ்சள் அறுகோணத்துக்குள் வெறும் எண் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. எண்ணுக்கு முன் எழுத்து இருந்தால் மாநிலச் சாலை, பினாங்குக்கு ‘P’, சிலாங்கூருக்கு ‘B’, பேராவுக்கு ‘A’. விபத்தோ வண்டிக் கோளாறோ என்றால் உதவிக்கு அழைக்கும்போது சாலை எண், கல்லின் எண், வடக்கு நோக்கியா தெற்கு நோக்கியா, இந்த மூன்றும் போதும். ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கத்துக்கு வந்து நின்றால் திரும்பி வர அடுத்த வெளிவழிவரை போக வேண்டும், அதனால் மூன்றாவதை மறக்காதீர்கள்.

திசைக்கு ஊருக்குள்ளேயே காட்டிகள் இருக்கின்றன. கூரைகளில் இருக்கும் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டுகள் எல்லாம் 91.5 டிகிரி கிழக்கு நெடுங்கோட்டில் நிற்கும் மியாசாட் செயற்கைக்கோளைப் பார்க்கின்றன. வடக்கை 0 என்று வைத்துக் கிழக்கு வழியாக எண்ணினால், கோலாலம்பூரில் அது ஏறக்குறைய 253 டிகிரி, அதாவது மேற்குக்குச் சற்றுத் தெற்கே. பினாங்கில் 239, தென்மேற்கு. கோள் தலைக்கு மிக உயரத்தில் இருப்பதால் தட்டின் சாய்வு குறைவு. ஒன்றை மட்டும் பார்க்காமல் நாலைந்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஹோட்டல் அறைக் கூரையில் ஒட்டியிருக்கும், மக்காவின் திசையைக் காட்டும் கிப்லாட் அம்புக்குறி 292 டிகிரி அளவில், மேற்குக்குச் சற்று வடக்கே காட்டும். கோவிலில் கோபுரத்தை நம்ப வேண்டாம், இங்கே நிலத்தின் வாகுக்கேற்ப வாசல் வைத்த கோவில்கள் நிறைய. ஆகம முறைப்படி கட்டிய சிவன் கோவிலாக இருந்தால் கருவறையின் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி தெற்கு பார்த்து உட்கார்ந்திருப்பார், அபிஷேகத் தண்ணீர் வெளிவரும் கோமுகி வடக்கே இருக்கும். அந்த இரண்டும் ஒத்துப்போனால் திசை உறுதி.

சூரியனை வைத்துத் திசை பார்க்கப் புத்தகங்கள் சொல்லும் கைக்கடிகார முறையை இங்கே மறந்துவிடுங்கள். அது குளிர்நாட்டுக்கு எழுதப்பட்டது. இங்கே நடுப்பகலில் சூரியன் உச்சந்தலையில் நிற்கும். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முற்பகுதிவரை பினாங்கில் உச்சிக்கு வடக்கே சாயும், மற்ற மாதங்களில் தெற்கே. அதோடு உச்சிப்பொழுது 12 மணிக்கு வருவதில்லை. 1982 முதல் நம் கடிகாரம் உலக நேரத்துக்கு 8 மணி முன்னே ஓடுவதால் அது பிற்பகல் 1.15-ஐ ஒட்டி வருகிறது. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதில் ஒரு வசதி உண்டு: சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுவதால் காலை 9 மணிவரை அதன் திசை 5 டிகிரிக்கு மேல் மாறாது. மார்ச், செப்டம்பர் 20-களில் 90 டிகிரி. ஜூன் 21-இல் 66. டிசம்பர் 21-இல் 114. இடைப்பட்ட நாள்களுக்கு நடுவில் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். மாலை 5.30-க்குப் பிறகு இதையே மேற்கில் புரட்டிப் போடுங்கள்: 270, 294, 246.

இனிக் கடல். சாலையில் தப்பினால் பெட்ரோல் வீணாகும். பினாங்குக்கு மேற்கே தப்பினால் அப்பால் சுமத்ராவரை தண்ணீர்தான்.

திசைகாட்டியில் தொடங்குவோம். நம் கரையில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு 1 டிகிரிகூட இல்லை. உலகில் பல இடங்களில் 10, 15 டிகிரி கூட்டிக் கழிக்க வேண்டியிருக்க, இங்கே ஊசி காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் பாருங்கள்: ஐரோப்பாவுக்கென்று எடை சமன் செய்த திசைகாட்டியில் இங்கே ஊசி ஒரு பக்கம் தாழ்ந்து, அடியை உரசி, ஒட்டிக்கொள்ளும். வாங்கும்போது கையில் கிடையாகப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஊசி தங்குதடையின்றி மிதந்தால் மட்டும் வாங்குங்கள்.

பெரிய பிழை படகிலேயே இருக்கும். இன்ஜின், ஸ்பீக்கர், கைப்பேசியைப் பிடிக்கும் காந்தத் தாங்கி, மீன் வெட்டும் கத்தி, அடுப்பு ஆகிய எல்லாமே ஊசியை இழுக்கும். திசைகாட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். பிறகு சோதியுங்கள். அமைதியான காலையில், வரைபடத்தில் உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில், உதாரணமாக ஒரு மிதவைக்கு அருகில், நிறுத்தி, தூரத்து மலை ஒன்று எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் அளந்துகொள்ளுங்கள். படகை எட்டுத் திசைக்கும் மெதுவாகத் திருப்பி, ஒவ்வொன்றிலும் திசைகாட்டியின் மேலாக அந்த மலையைப் பார்த்து எண்ணை எழுதுங்கள். இருக்க வேண்டிய எண்ணுக்கும் படித்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் படகின் பிழை. 5 டிகிரியைத் தாண்டினால் இழுக்கும் பொருளைத் தேடி அகற்றுங்கள். குறைவாக இருந்தால் எட்டு எண்களையும் அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது வேகம். சின்ன இன்ஜினில் சுற்றுமானி இருக்காது. முறுக்குப் பிடியில் பெயின்ட்டால் மூன்று கோடு போட்டால் போதும். வரைபடத்தில் ஒரு கடல்மைல், அதாவது 1852 மீட்டர் தள்ளி உள்ள இரண்டு அடையாளங்களைத் தேர்ந்து, ஒவ்வொரு கோட்டிலும் போக ஒருமுறை, வர ஒருமுறை ஓட்டி நேரம் எடுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். போக 10 நிமிடம், வர 15 நிமிடம் என்றால் நேரங்களைச் சராசரி போட்டு 12.5 நிமிடம் என்று எடுக்கக் கூடாது, அது 4.8 நாட் (மணிக்கு 4.8 கடல்மைல்) என்று காட்டும். போனது 6 நாட், வந்தது 4 நாட், சராசரி 5 நாட். அதுதான் நீரோட்டம் கழிந்த உண்மை வேகம். ஆள் கூடினாலும் ஐஸ்பெட்டி நிறைந்தாலும் வேகம் மாறும், ஆகவே காலிப் படகுக்கு ஒரு பட்டியல், நிறைந்த படகுக்கு ஒரு பட்டியல். மரத்துண்டை முன்பக்கம் போட்டுப் பின்பக்கம் வந்துசேரும் நொடியை எண்ணும் பழைய முறையும் உண்டு: படகின் நீளத்தை மீட்டரில் எடுத்து 1.94-ஆல் பெருக்கி நொடியால் வகுத்தால் நாட். 6 மீட்டர்ப் படகில் அரை நொடி பிசகினாலே விடை கெட்டுவிடும் என்பதால் நீளமான படகுகளுக்கே அது சரிப்படும்.

கணக்குக்கு ஒரே ஒரு வாய்ப்பாடு போதும்: 6 நிமிடத்தில் போகும் தூரம், வேகத்தில் பத்தில் ஒன்று. 5 நாட்டில் ஓடினால் 6 நிமிடத்துக்கு அரைக் கடல்மைல். பென்சிலும் நீர் புகாத நோட்டும் வைத்துக்கொண்டு, திசை மாறும்போதெல்லாம், மாறாவிட்டாலும் அரை மணிக்கு ஒருமுறை, நேரம், திசை, பிடியின் கோடு, ஆழம் என்று நான்கையும் எழுதுங்கள். நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்பவர் மீன் இழுத்த ஐந்தாவது நிமிடத்தில் மறந்திருப்பார்.

பிறகு நீரோட்டம். பக்கவாட்டில் 1.5 நாட் நீரோட்டம் இருக்க, நீங்கள் 5 நாட்டில் 3 கடல்மைல் போனால், அந்த 36 நிமிடத்தில் 0.9 கடல்மைல் பக்கத்தில் அடித்துக்கொண்டு போயிருப்பீர்கள். திருத்தம் எளிது: நீரோட்டத்தை 60-ஆல் பெருக்கிப் படகின் வேகத்தால் வகுத்தால் எத்தனை டிகிரி எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்று வரும். இங்கே 18. நீரோட்டம் எவ்வளவு என்று மிதவையைப் பார்த்தால் தெரியும். நங்கூரமிட்ட மிதவை எந்தப் பக்கம் சாய்ந்து, பின்னால் எவ்வளவு நீளத்துக்குச் சுழல் விடுகிறது என்று போகும்போதெல்லாம் பாருங்கள். இன்ஜினை அணைத்து, நங்கூரம் போட்டு, மிதக்கும் துண்டு ஒன்று ஒரு நிமிடத்தில் 31 மீட்டர் போனால் அது 1 நாட்.

இருக்கும் இடத்தைப் பிடிக்கக் கரை அடையாளங்களைவிட நல்ல கருவி இல்லை. கன்னியாகுமரிக் கரையில் கணியம் பார்ப்பது என்பார்கள். முன்னே ஒரு மரம், பின்னே ஒரு மலைமுகடு, இரண்டும் ஒரே கோட்டில் வந்தால் நீங்கள் அந்தக் கோட்டின் மேல் இருக்கிறீர்கள். வேறு பக்கம், முடிந்தவரை செங்குத்தாக, இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் நீங்கள் தேடும் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு. கருவி எதுவுமில்லாமல் பத்துப் பதினைந்து மீட்டர் துல்லியம் கிடைக்கும். ஜோடியின் முன்னடையாளமும் பின்னடையாளமும் ஒன்றுக்கொன்று நன்றாக விலகியிருந்தால்தான் கோடு கூர்மையாக இருக்கும். பினாங்கில் ஒரு எச்சரிக்கை: கடலோரக் கட்டடங்கள் வேகமாக எழும்புகின்றன, கடலைத் தூர்த்துக் கரையே நகர்கிறது. அடுக்குமாடியை முன்னடையாளமாக வைத்தால் நாளைக்கு அதை மறைத்து இன்னொன்று நிற்கும். மலை, பாறை, தீவின் வடமேற்கு முனையான முக்கா ஹெட்டில் 1883 முதல் நிற்கும் கலங்கரை விளக்கம் போன்ற அசையாதவற்றை எடுங்கள்.

ஜோடி அமையாவிட்டால் கைத்திசைகாட்டியால் மூன்று அடையாளங்களின் திசையை எடுத்து வரைபடத்தில் கோடு போட வேண்டும். மூன்றும் ஒரே புள்ளியில் வெட்டாது. சின்ன முக்கோணம் விழும். அது பெரிதாக இருந்தால் ஏதோ ஒரு அடையாளத்தை நீங்கள் தவறாக இனம் கண்டிருக்கிறீர்கள். பக்கத்து அடையாளமே இடம் பிடிக்க நல்லது: 1 டிகிரி பிசகினால் ஒரு கடல்மைல் தூரத்தில் 32 மீட்டர்தான் தப்பும், 20 கடல்மைலில் 650 மீட்டர் தப்பும். தூரத்து மலைக்கு வேறு பயன். தீவின் வடகரையிலுள்ள பத்து பெரிங்கியிலிருந்து 40 கி.மீ. வடகிழக்கே நிற்கும் 1,217 மீட்டர் ஜெராய் மலை நீங்கள் கொஞ்சம் நகர்ந்தாலும் திசை மாறாது; திசைகாட்டி சரியா என்று பார்க்க அதைவிட நல்ல கல் கிடையாது. வானம் தெளிந்தால் படகின் உயரத்திலிருந்தே 140 கி.மீ. வரை அதன் உச்சி கடலுக்கு மேலே தெரியும். இலங்கையின் தென்முனையும் சுமத்ராவின் வடமுனையான அச்சேவும் ஜெராயும் ஏறக்குறைய ஒரே அகலக்கோட்டில் விழுகின்றன. சோழர் படை 1025-இல் கடாரத்துக்கு வருமுன்பே, வணிகக் கப்பல்கள் இந்த மலையைக் குறியாக வைத்துத்தான் பூஜாங் பள்ளத்தாக்குத் துறைகளுக்கு வந்துகொண்டிருந்தன.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்தால் மலையும் தெரியாது, கலங்கரை விளக்கமும் தெரியாது. அதே பருவத்தில்தான் விடியலுக்கு முன் ‘சுமத்ரா’ என்று பெயர் வாங்கிய திடீர்க் காற்றும் மழையும் மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது உதவுவது, வேண்டுமென்றே குறி தப்பவைக்கும் உத்தி. மேற்கே 6 கடல்மைலிலிருந்து தெலுக் பஹாங் திரும்புகிறீர்கள் என்று வையுங்கள். முக்கா ஹெட்டை நேராகக் குறிவைத்து வந்து வடக்கே தப்பிவிட்டால் தீவையே பார்க்காமல் ஜலசந்திக்குள் போய்விடுவீர்கள். 10 டிகிரி தெற்கே பிடியுங்கள். 6 மைலுக்கு ஒரு மைல் தெற்கே வந்து சேர்வீர்கள். கரை தெரிந்ததும் யோசிக்க வேண்டியதே இல்லை, இடப்பக்கம் திரும்ப வேண்டும். கரை நெருங்குவதை ஆழம் முன்கூட்டிச் சொல்லும். ஒரு கிலோ ஈயக்குண்டு, 20 மீட்டர் கயிறு, மீட்டருக்கு ஒரு முடிச்சு, ஐந்தாவதில் துணி. ராயல் மெஜஸ்டியில் ஆழமானி இருந்தும் அதன் எச்சரிக்கை 0 மீட்டரில் வைக்கப்பட்டிருந்தது. கப்பல்கள் தங்கள் இடத்தை ரேடியோவில் அறிவிக்கும் ஏஐஎஸ் (AIS) திரையில் தெரியும் பெரிய கப்பல்களையும் அப்படியே நம்ப வேண்டாம். அவை அனுப்பும் இடமும் ஜிபிஎஸ் தந்ததே. காதும் கண்ணும் அவற்றுக்கு முன்னால்.

இரவில் துருவ நட்சத்திரத்தைத் தேடாதீர்கள். அது அடிவானத்திலிருந்து நம் அகலக்கோட்டின் அளவே, பினாங்கில் 5 டிகிரி, கோலாலம்பூரில் 3 டிகிரி உயரத்தில் புகையில் கரைந்திருக்கும். எழுமீன் எனும் சப்தரிஷி மண்டலத்தின் முன்னிரண்டு நட்சத்திரங்களை இணைத்து நீட்டினால் கோடு அடிவானத்தைத் தொடும் இடம் வடக்கு, அவ்வளவே போதும். ஓரியனின் இடுப்பில் வரிசையாக உள்ள மூன்றில் முதலில் எழுவது வான நடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது. எந்த நாளானாலும் நேர் கிழக்கில் எழும், நேர் மேற்கில் மறையும். டிசம்பர் முன்னிரவில் கிழக்கே, ஏப்ரல் முன்னிரவில் மேற்கே பாருங்கள். தென்சிலுவை மே நடுவில் இரவு 10.15 அளவில் நிமிர்ந்து நிற்கும், மாதத்துக்கு 2 மணி நேரம் முந்தும். நிமிர்ந்திருக்கும்போது அதன் அடியிலிருந்து நேர் கீழே தெற்கு. நீட்டிய கையில் மூடிய முட்டி 10 டிகிரி. சிலுவை இரண்டு முட்டிக்கும் மூன்று முட்டிக்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்கு மேற்கே கொஞ்சம் பெரிதாக, மங்கலாக ஒரு பொய்ச்சிலுவை உண்டு. உண்மைச் சிலுவைக்கு இடப்பக்கம் பிரகாசமான இரண்டு நட்சத்திரங்கள் அதைச் சுட்டிக்கொண்டு நிற்கும்; பொய்க்கு அவை இல்லை.

பினாங்கு மலைக்காட்டில் நடப்பவர்களுக்குச் சுருக்கமாக: அடர்ந்த இலைக்கூரைக்கடியில் புள்ளி பல மீட்டர் அலையும். டேட்டாவும் இல்லாத இடத்தில் கைப்பேசி கோள்களின் பாதை விவரத்தை வானத்திலிருந்தே பெற வேண்டும். ஒவ்வொரு கோளும் அதை 30 நொடிக்கு ஒருமுறை அனுப்பும், முழுப் பட்டியலுக்கு 12.5 நிமிடம். ஆகவே இலை விலகிய திறப்பில் அசையாமல் நில்லுங்கள். நடந்துகொண்டே பிடிக்க முயல்வது வீண். தொலைந்தால் ஓடையைப் பின்தொடர வேண்டாம், அது அருவியில் கொண்டுபோய் விடும். முகட்டில் ஏறுங்கள். காட்டுக்குள் 6.30-க்கே இருட்டிவிடும்.

இவை எல்லாம் நல்ல வானிலையில் பழகவேண்டியவை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நோட்டை மட்டும் வைத்து ஒரு மணி நேரம் ஓடி, வரைபடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு கைப்பேசியைத் திருப்பி ஒப்பிடுங்கள். ஓடிய தூரத்தில் பத்தில் ஒரு பங்கு விலகல் இயல்பு. பக்கவாட்டில் விலகியிருந்தால் முதலில் திசைகாட்டிக்குப் பக்கத்தில் என்ன இரும்பு வந்தது என்று தேடுங்கள், அதன் பிறகு நீரோட்டம். முன்னும் பின்னுமாக விலகியிருந்தால் வேகப் பட்டியலைத் திருத்துங்கள். அடியில் சிப்பியும் பாசியும் பிடித்த படகு ஆறு மாதத்துக்கு முன் அளந்த வேகத்தில் இன்று ஓடாது.